கோடரி அடித்தலும் மொழிபெயர்ப்பும்: கொல்லுலை வினைச்சொற்கள் பற்றிய ஒரு விளக்கம்

கைத்தொழில் நூல்களை மொழிபெயர்ப்போர் நாடும் கலைச்சொல் தொகுப்புகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் தொகுப்புகளாகவே அமைந்துள்ளன. கொல்லுத் தொழிலை எடுத்துக்கொண்டால் உலை, துருத்தி, சம்மட்டி, குறடு, உளி, அரம் என்னும் கருவிப் பெயர்களை அவற்றில் எளிதில் காணலாம். அக்கருவிகளைக் கொண்டு கொல்லர் என்ன செய்கிறார் என்பதைக் கூறும் வினைச்சொற்களோ அருகியே இடம்பெறுகின்றன. இடம்பெறும் சிலவும் 'பதப்படுத்தல்', 'பற்றவைத்தல்' என்பன போன்ற பொதுச்சொற்களாக நின்றுவிடுகின்றன. கருவியின் பெயர் தவறினால் படிப்பவர் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். வினைச்சொல் தவறினால் இரும்பு ஒட்டாது. ஒட்டினாலும் வாய் உதிரும்.

இக்கட்டுரை கோடரி என்னும் ஒரே கருவியை, அது உலையில் ஏறுவதுமுதல் காம்பு பெறுவதுவரை பின்தொடர்ந்து, அவ்வழியில் எதிர்ப்படும் வினைச்சொற்களைத் தமிழில் எவ்வாறு ஆள்வது என்பதை ஆராய முற்படுகிறது. கோடரியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கத்தியும் அரிவாளும் ஒரு பட்டையை நீட்டியும் மெலித்தும் ஆக்கப்படுவன. பழைய முறையில் அடிக்கப்படும் கோடரியில் மடித்தல், ஒட்டுதல், கண் விடுதல், நீட்டுதல், தோய்த்தல், தீட்டுதல் எனக் கொல்லுத் தொழிலின் வினைகள் ஏறத்தாழ எல்லாம் வந்து கூடுகின்றன. மைசூர் போன்ற ஓரிடத்திலிருந்து இதனை எழுதுவதில் ஒரு வசதியும் உண்டு. தமிழில் மங்கிய வினை சில வேளைகளில் கன்னடத்தில் விளங்கித் தோன்றுகிறது. கன்னடத்தில் மங்கியது தமிழில் துலங்குகிறது. பிறமொழிச் சொற்கள் இங்குத் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. ஒலிப்புடை வெடிப்பொலிகளைத் தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாமையைப் படிப்போர் நினைவிற் கொள்க.

கொல் என்னும் அடி

பர்ரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் இரண்டாம் பதிப்பு (1984) 'கொல்' என்னும் அடியின்கீழ்த் தரும் இனச்சொற்கள் நம் பொருளுக்கு நல்ல தோற்றுவாய் ஆகின்றன. தமிழில் 'கொல்' என்பது இரும்புத் தொழிலையும் அதைச் செய்வாரையும் குறிக்கும். 'கொல்லன்' அதன் வழிவந்தது. மலையாளத்திலும் 'கொல்லன்' ஆளைக் குறிப்பது. கன்னடத்தில் 'கொலிமெ', 'குலுமெ' எனவும் தெலுங்கில் 'கொலிமி' எனவும் வழங்கும் சொற்கள் ஆளை விட்டு இடத்தைக் குறிக்கின்றன; அவை உலையின் பெயர்கள். நீலகிரிக் கோத்தர் மொழியில் 'கொலேல்' என்பது பட்டறை; கோத்தர் ஊரின் கோயிலும் அதுவே. தோடருக்கும் படகருக்கும் இரும்புக் கருவி அடித்துக் கொடுத்த மக்களின் மொழியில் உலைக்கூடமும் வழிபாட்டிடமும் ஒரு சொல்லால் வழங்குவது தனியே ஆராயத்தக்க செய்தி.

இப்பதிவின் கடைசி வரிகளே நமக்கு முதன்மையானவை. கோண்டியிலும் குவியிலும் இதே அடி வினையாக வாழ்கிறது. கருவியைக் காய்ச்சி அடித்தல், செப்பம் செய்தல் என்பது அங்கு அதன் பொருள். நடுத் திராவிட நிலப்பகுதியில் வினையாக உள்ள ஒன்று தெற்கே ஆளாகவும் இடமாகவும் உறைந்துவிட்டது. தமிழில் 'கொல்' என்றவுடன் நினைவுக்கு வரும் வினை உயிரை நீக்குதலாகும். அகராதி அதனை வேறு பதிவாகப் பிரித்தே வைத்துள்ளது. இரும்பைக் 'கொல்பவன்' கொல்லன் என்று மேடைகளில் கூறப்படும் விளக்கத்தைச் சொற்பிறப்பாகக் கொள்வதற்கில்லை.

அவ்வாறாயின் கொல்லர் செய்யும் வேலைக்குத் தமிழில் வினை யாது? சங்க இலக்கியம் 'வடித்தல்' என்பதனை ஆள்கிறது. இன்று அச்சொல் சோற்றுக் கஞ்சிக்கும் சிலைக்கும் கவிதைக்கும் உரியதாகிவிட்டது. உழவர் வழக்கில் வாழ்வது 'அடித்தல்' என்னும் எளிய வினையே. கோடாலி அடிக்கக் கொடுத்திருக்கிறேன், கொழு காய்ச்சி அடிக்க வேண்டும் என்றே மக்கள் பேசுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் பலர் இச்சொல்லின் எளிமை கண்டு தயங்கி 'வார்த்தல்' என எழுதுகின்றனர். அது முற்றிலும் வேறு தொழில். வார்ப்பில் உலோகம் உருகி அச்சில் ஓடும். கோடரி அடித்தலில் அது ஒருபோதும் உருகுவதில்லை. 'வார்த்த கோடரி' என்று எழுதுபவர் ஒரு சொல்லில் ஒரு தொழில்நுட்ப வரலாற்றையே மாற்றிவிடுகிறார்.

எந்தக் கோடரி?

பேச்சில் 'கோடாலி', எழுத்தில் 'கோடரி' என வழங்கும் சொல்லுக்குக் கன்னடத்தில் 'கொடலி', தெலுங்கில் 'கொட்டலி' என இனச்சொற்கள் உள. வடமொழிக் 'குடார' என்பதோடு இவற்றுக்கு உள்ள உறவு அறிஞரிடையே நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவது. அதனுள் இங்குப் புகவேண்டியதில்லை. தமிழ் இலக்கியம் இக்கருவிக்கு வேறு பெயர்களையும் தருகிறது. மழு, கணிச்சி, நவியம் என்பன அவை. உரையாசிரியர்கள் இவற்றுள் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தருவதும் அகராதிகள் அவ்வுரைகளை ஏற்றுக்கொள்வதும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் மூன்றற்கும் ஒரே சொல்லை இடுவதும் வழக்கமாகியுள்ளன. பாடல்களின் சூழலோ அவ்வாறு இல்லை. நவியம் பகைவரின் காவல்மரத்தை வெட்டுவது. கணிச்சி வன்னிலத்தை உடைத்துக் கிணறு தோண்டுவது. அகராதிகள் அதற்குக் குந்தாலி என்றும் உளி என்றும்கூடப் பொருள் தருகின்றன. மழு தெய்வத்தின் கையில் ஏறியபின் தமிழில் நாள்வழக்கை விட்டகன்றது. மலையாளத்தில் அது இன்றும் மரம் வெட்டும் கருவியின் பெயரே. மலையாளத்திலிருந்து பெயர்ப்போர் 'மழு' என்பதனை அப்படியே தமிழில் இட்டால் விறகு வெட்டச் சென்றவன் கையில் சிவபெருமானின் படைக்கலம் வந்துவிடும்.

மழு என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு: பழுக்கக் காய்ச்சிய இரும்பு. குற்றம் சாட்டப்பட்டவர் தம் தூய்மையை மெய்ப்பிக்கக் கையில் ஏந்திய இரும்பை அது குறித்தது. கருவியின் பெயரும் அக்கருவி உலையில் இருக்கும் நிலையின் பெயரும் ஒரே சொல்லாக இருப்பதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

பெயர்களினும் முக்கியமானது வடிவம். கோடரி என்றவுடன் காம்பு நுழையும் துளையை உடைய ஒன்றையே நாம் எண்ணுகிறோம். பெருங்கற்காலத்து இரும்புக் கோடரிகளில் பல அத்தகையன அல்ல. அவை தட்டையானவை, துளையற்றவை. விதர்ப்பப் பகுதியின் மகூர்ஜரி, நைகுண்ட் முதலிய களங்களில் கிடைத்தவற்றில் இரும்புப் பட்டைகள் குறுக்காகப் பின்னிய கட்டு ஒன்று காணப்படுகிறது. அலகை மரக்காம்போடு சேர்த்து இறுக்கிய கட்டு அது. இத்தகைய கோடரியில் காம்பு கோடரிக்குள் நுழைவதில்லை. கோடரியே காம்போடு பிணைக்கப்படுகிறது. எனவே அகழாய்வு அறிக்கை ஒன்றில் காம்பைப் பற்றிய வினை வருமிடத்து, 'காம்பு செருகுதல்' என எழுதுமுன் கருவிக்குத் துளை உண்டா என்று பார்த்தல் வேண்டும். துளையில்லாதவற்றுக்குக் 'கட்டுதல்' அல்லது 'பிணித்தல்' பொருந்தும்.

இது நூலறிவுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கை, சிவகளையில் இரும்பின் காலத்தைப் பொ.ஆ.மு. 3345 வரை கொண்டுசென்றது. அதற்கு முன் 2022-இல் மயிலாடும்பாறைக்குப் பொ.ஆ.மு. 2172 என்னும் காலம் அறிவிக்கப்பட்டிருந்தது. இத்தகைய அறிக்கைகளும் அவற்றைப் பற்றிய நூல்களும் தமிழுக்கு வரும்தோறும் இரும்பை உருக்கிப் பிரித்தல், காய்ச்சி அடித்தல், எஃகாக்கல் ஆகிய மூன்றும் ஒரே வினையால் கூறப்பட்டால், ஆய்வாளர் எதனைக் கண்டார் என்பதே படிப்பவருக்குப் புலப்படாது.

பழுத்தலும் வெளுத்தலும்

துளையுடைய கோடரியைப் பழைய முறையில் அடிக்கும் வகை இரண்டு. கனத்த இரும்புத் துண்டைக் காய்ச்சி நடுவே துளைத்து விரித்தல் ஒன்று. நீண்ட பட்டையின் நடுப்பகுதியை மெலித்து, ஓர் உருளைக் கம்பியைச் சுற்றி மடித்து, இரு முனைகளையும் ஒன்றாக்கி ஒட்டுதல் மற்றொன்று. இரண்டாம் வகையில் மடித்த இடம் தானே கண்ணாகிறது. சல்லடைக்கண், வலைக்கண் என வழங்குவது தமிழ் இயல்பாதலின் கோடரியின் துளையையும் 'கண்' என்பதில் தடையில்லை. அதனை ஆங்கில வழக்கின் நிழல் என ஐயுற வேண்டியதில்லை. வெட்டும் விளிம்பிற்கு 'வாய்' என்பதே தமிழ். கன்னடத்தில் 'பாயி' என்பதும் வாயையும் கருவியின் விளிம்பையும் ஒருசேரக் குறிக்கிறது.

மடித்த பட்டை கரிமம் மிகக் குறைந்த மெல்லிரும்பு. அது வளையும், உடையாது. ஆனால் கூர் நில்லாது. ஆகவே இரு முனைகளுக்கும் இடையே எஃகுத் துண்டு ஒன்றை வைத்து மூன்றையும் ஒன்றாக ஒட்டுவர். உடல் அதிர்ச்சியைத் தாங்கும். வாய் கூர் பிடிக்கும். விலையுயர்ந்த எஃகு சிறிதளவே செலவாகும். ஏழை உழவரின் கோடரியில் எஃகு வாயளவே இருந்ததற்குக் காரணம் இதுவே.

ஒட்டும் கட்டத்தில்தான் மொழிபெயர்ப்பாளருக்குரிய முதற்பொறி இருக்கிறது. மிகுந்த சூட்டைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற தொடர் 'பழுக்கக் காய்ச்சுதல்' என்பது. கன்னடத்தில் 'கெம்பகெ காயிசு', அதாவது சிவக்கக் காய்ச்சு என்பர். கன்னடம் நிறத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. தமிழ் பழத்தின்மேல் ஏற்றிச் சொல்கிறது. இரண்டும் குறிப்பது செந்நிறச் சூட்டையே. ஏறத்தாழ 700 முதல் 850 பாகை செல்சியசு வரையுள்ள சூடு அது. இச்சூட்டில் இரும்பை வளைக்கலாம், தட்டலாம், தோய்ச்சலுக்கு எடுக்கலாம். ஒட்ட இயலாது. மெல்லிரும்பு அடியில் ஒட்ட 1250 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். அப்போது இரும்பு மஞ்சளும் கடந்து வெளுத்து, மேற்பரப்பு ஈரமுற்றது போல் பளபளக்கும். ஆங்கிலத்தில் ஒட்டுதற்குரிய சூடு என்று வருமிடத்திலும் வெண்சூடு என்று வருமிடத்திலும் பழகிய கை 'பழுக்கக் காய்ச்சி' என்றே எழுதிவிடும். அவ்வாறு எழுதுபவர் 400 பாகை குறைத்துவிடுகிறார். அந்த உரையை நம்பி அடிப்பவருக்கு எஃகும் இரும்பும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்குமேயன்றி ஒன்றாகா. ஒட்டியது போல் தோன்றினும் முதல் வெட்டில் விரியும்.

'பழுக்கக் காய்ச்சு' என்பதன் அமைப்பையே கொண்டு 'வெளுக்கக் காய்ச்சு' என்று ஆளலாம் என்பது கட்டுரையாளரின் கருத்து. இரண்டும் செயவென் எச்சங்கள். இரண்டும் காய்ச்சுதலின் விளைவை நிறத்தால் அளப்பன. வெப்பமானி இல்லாத தொழிலில் கண்ணே அளவுகோல். கொல்லுலை எப்போதும் நிழலிலும் அரையிருளிலும் அமைவது இதனாலேயே. நண்பகல் வெயிலில் செந்நிறச் சூடு கண்ணுக்குத் தெரியாது. நிறச்சொல்லை விட்டுவிட்டுப் பாகையை மட்டும் தரும் மொழிபெயர்ப்பு ஆய்வகத்துக்கு உதவும், உலைக்களத்துக்கு உதவாது. மேலும், எஃகு இரும்பளவு சூடு தாங்காது. அது வெளுக்கும்போது பொறி சிதறத் தொடங்கினால் எரிகிறது என்று பொருள். வெளுத்தலுக்கும் எரிதலுக்கும் இடைப்பட்ட சில நொடிகளுக்குள் அதனை எடுத்து அடித்தாக வேண்டும்.

'ஒட்டுதல்' என்னும் வினையைப் பற்றியும் சில கூற வேண்டும். கலைச்சொல்லாக இன்று செல்வாக்குப் பெற்றிருப்பது 'பற்றவைத்தல்'. மின்னாலும் வளியாலும் உலோகத்தை உருக்கி இணைக்கும் முறைக்கு அது பொருந்தும். உலையில் உலோகம் உருகாமல் அடியினால் இணைகிறது. இரண்டற்கும் ஒரே சொல்லை ஆண்டால், பழங்கோடரி ஒன்று இக்கால முறையில் செய்யப்பட்டதென்னும் மயக்கம் நேரும். தமிழில் 'பற்று' என்னும் அடி நெருப்புக்கும் பிடிப்புக்கும் பொதுவாதலின் 'எஃகைப் பற்றவைத்து' என்பது தீ மூட்டலாகவும் பொருள்படக்கூடும். கன்னடத்தில் 'பெசு', 'பெசுகெ' என இணைத்தலுக்கே உரிய சொற்கள் உள்ளமையால் இவ்விடர் இல்லை. உலைமுறைக்கு 'அடித்து ஒட்டுதல்' என்பதனையே நான் பரிந்துரைப்பேன். நீளமாயிருப்பினும் செயலைக் காட்டிவிடுகிறது.

ஒட்டுமுன் பரப்பில் மணலோ வெண்காரமோ தூவுவர். இரும்பின்மேல் படியும் பொருக்கு அதனோடு கலந்து நீர்மையாகி, அடியில் வெளியே பீறிடும். 'பொடி வைத்து ஊதுதல்' என்னும் மரபுத்தொடர் இங்கு நினைவுக்கு வரலாம். அத்தொடரின் பிறப்பிடம் பொற்கொல்லரின் ஊதுகுழலேயன்றிக் கருங்கொல்லரின் துருத்தியன்று. ஒற்றுமை தொழிலின் ஒற்றுமை. உலையடியில் கட்டும் சிட்டமும் சம்மட்டி அடியில் உதிரும் பொருக்கும் வேறு வேறு என்பதையும் மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டும். அகழாய்வாளருக்கு முதலது ஒருபுறம் உருக்குதலையும் சுட்டக்கூடும்; இரண்டாவது அடித்தலுக்கே சான்று.

ஒட்டியபின் வாயை நோக்கி நீட்டி மெலிப்பர். இதற்கு 'இழுத்து அடித்தல்' என்பது செயலளவில் பொருந்தும் தொடர்தான். ஆயினும் 'இழுத்தடித்தல்' இன்று அலுவலகக் கோப்புகளுக்கு உரிய வினையாகிவிட்டமையால் 'நீட்டி அடித்தல்' என்பதே நன்று.

தோய்ச்சலும் பதமும்

கோடரி வடிவம் பெற்றபின் அதற்கு வன்மை ஊட்டும் கட்டம் வருகிறது. இங்கு மூன்று செயல்கள் உள. தமிழ் எழுத்தில் மூன்றும் 'பதப்படுத்தல்' என்னும் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கிக்கிடப்பதை அடிக்கடி காண்கிறோம். செந்நிறமாகக் காய்ந்த எஃகைச் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துவது முதலாவது. எஃகு அதனால் மிக வன்மை பெறும். கூடவே கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையையும் பெறும். இரண்டாவது, அந்த மிகைவன்மையைச் சிறு சூட்டால் குறைப்பது. மூன்றாவது, வேலையின் இடையில் இறுகிப்போன உலோகத்தைக் காய்ச்சி, சாம்பலிலோ அணையும் கரியிலோ மெல்லக் குளிரவிட்டு இளக்குவது. முதற்செயலுக்கும் மூன்றாம் செயலுக்கும் விளைவு நேர் எதிரானது. எதிரான இரண்டு செயல்கள் ஒரு சொல்லால் வழங்கும்போது கலைச்சொல்லாக்கம் தன் கடமையில் தவறிவிட்டது என்றே கூறவேண்டும்.

சொல் இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. முதற்செயலுக்குத் 'தோய்த்தல்', 'தோய்ச்சல்', 'துவைச்சல்' என்பன மரபான சொற்கள். தயிர் தோய்த்தலிலும் துணி தோய்த்தலிலும் உள்ள அதே வினைதான். மூன்றாவதற்கு 'ஆற்றுதல்' பொருந்தும். பாலை ஆற்றுபவர் குளிரச் செய்வது மெல்லத்தான். விரைவாகக் குளிர்விப்பதை ஆற்றுதல் என்று எவரும் கூறார். இரண்டாவதற்குத் 'தணித்தல்' என்பதனை ஆளலாம். வன்மையை அடியோடு நீக்காமல் அளவோடு குறைத்தல் என்னும் பொருள் அதில் உண்டு. தோய்த்தல், தணித்தல், ஆற்றுதல் என மூன்று தனிவினைகள் கிடைக்க, 'பதம்' என்னும் சொல் தன் பழைய வேலைக்குத் திரும்பலாம்.

அப்பழைய வேலை எது? பதம் என்பது செயலின் பெயரன்று. எட்டவேண்டிய நிலையின் பெயர். பாகு பதம், சோற்றுப்பதம், உழவுக்கேற்ற ஈரப்பதம், கத்தியின் பதம் என வழங்குவன எல்லாம் இதற்கு மேற்போனாலும் கெடும், கீழ்நின்றாலும் கெடும் என்னும் ஓர் எல்லையைக் காட்டுகின்றன. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி 'ஹத' என வழங்குவதும் இதுவே. தெலுங்கில் 'பதனு' என்பது கருவியின் கூர்மையையும் விதைப்புக்கேற்ற மண்ணின் ஈரத்தையும் ஒருங்கே குறிக்கிறது. மண்ணும் எஃகும் ஒரு சொல்லில் சந்திப்பதை ஆங்கிலத்தில் பெயர்க்க முடியாது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது அதனை நாம் இழக்கவேண்டிய தேவையும் இல்லை. தோலையும் பழச்சாற்றையும் 'பதப்படுத்தும்' தொழிற்சாலை வழக்கே இச்சொல்லின் கூரை மழுக்கியது.

தணித்தல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்தால் சொல்லின் பொருத்தம் விளங்கும். கொல்லர் கோடரி முழுவதையும் அமிழ்த்துவதில்லை. வாயை மட்டும் சில விரற்கடை அளவு தோய்த்து எடுக்கிறார். உடலில் இன்னும் சூடு உண்டு. வாயின் ஒரு பக்கத்தைச் செங்கல்லிலோ மணற்கல்லிலோ விரைந்து தேய்த்து வெளிர்நிறமாக்கி, உடலின் சூடு வாயை நோக்கி வருவதைப் பார்த்திருக்கிறார். வெளிறிய பரப்பில் முதலில் இளமஞ்சள் தோன்றும்; அப்போது ஏறத்தாழ 220 பாகை. பின்னர்ப் பழுப்பு, அடுத்து 280 பாகையளவில் ஊதா, 300 பாகையை நெருங்கும்போது நீலம் எனப் பட்டை பட்டையாக நிறங்கள் நகர்ந்துவரும். சவரக்கத்திக்கு இளமஞ்சளில் நிறுத்தவேண்டும். மரத்தில் அறையும் கோடரிக்கு ஊதாவும் நீலமும் சந்திக்குமிடம் ஏற்றது; மயிற்கழுத்தின் நிறம் என்றால் தமிழர்க்கு உடனே விளங்கும். அந்நிறம் வாயை எட்டிய நொடியில் மீண்டும் தோய்த்துச் சூட்டை நிறுத்துகிறார். ஆக, ஒரே தொட்டி நீரில் இருமுறை தோய்த்தல் நிகழ்கிறது. முதல் தோய்ச்சல் வன்மையூட்டுகிறது; இரண்டாவது, தணிதலை அதற்குமேல் போகாமல் தடுக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 'பின் மீண்டும் பதப்படுத்துக' என எழுதப்பட்ட பெயர்ப்பைப் படித்து, மறுபடி செந்நிறமாகக் காய்ச்சி அமிழ்த்துபவரின் கோடரி முதல் முடிச்சில் பல் போகும்.

உக்கு: ஒரு சொல்லின் பயணம்

வாயில் வைக்கப்பட்ட எஃகின் பெயர்களும் நம் பொருளுக்கு உரியவை. 'எஃகு' பழஞ்சொல். 'உருக்கு' என்பது உருக்குதல் என்னும் வினையிலிருந்து வந்த பெயர். கன்னடத்தில் அதன் இனமாகிய 'உர்கு', ரகரம் ககரத்தோடு ஓரினமாகி 'உக்கு' ஆயிற்று, தெலுங்கிலும் 'உக்கு'. 1795-இல் சார்ச்சு பியர்சன் என்பார் இலண்டன் அரச கழகத்தின் இதழில், மும்பையிலிருந்து வந்த ஒருவகை எஃகைப் பற்றிய ஆய்வை வெளியிட்டபோது அதன் பெயரை 'ஊட்சு' என எழுதினார். கன்னடப் பேச்சில் சொல்முதல் உகரத்தின் முன் தோன்றும் வகர உடம்படுமெய்யோடு 'வுக்' என ஒலித்ததை எழுதியவர் ஒருவர் ககரத்தைப் பிறழ எழுதியதால் இவ்வடிவம் பிறந்திருக்கலாம் என யூலும் பர்னலும் 1886-இல் தம் அகராதியில் கருதினர். படியெடுப்போரின் கைப்பிழை ஒன்று உலகெங்கும் கலைச்சொல்லாகி நிலைத்துவிட்டது. இன்று தமிழில் 'ஊட்சு எஃகு' என்று எழுதுவோர் எஃகு எஃகு என்று இருமுறை எழுதுகின்றனர். 'உருக்கு' என்றோ, மூசையில் ஆக்கப்பட்டமை தோன்ற 'மூசை உருக்கு' என்றோ எழுதுவதே முறை.

இவ்வுருக்கில் கரிமம் ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடு வரை இருக்கும். சேலம் பகுதியில் இதனை ஆக்கிய முறையை 1839-இல் விளக்கிய ஹீத்து, இரும்புத் துண்டோடு ஆவாரை மரத் துண்டுகளையும் எருக்கிலை போன்ற பச்சிலைகளையும் மண்மூசையில் இட்டு மூடிக் காய்ச்சியதைக் குறிக்கிறார். அவர் தரும் தாவரவியற் பெயரைக் கொண்டு ஆவாரையைக் 'கொன்றை வகை' எனப் பெயர்த்தால், ஒவ்வொரு சாலையோரத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி படிப்பவருக்கு அடையாளம் தெரியாமற் போகும். 1800-இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானனும் இரும்பு, எஃகு ஆக்கும் உலைகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். மைசூர்ச் சாலையிலுள்ள சன்னப்பட்டணத்தில் இசைக்கருவிகளுக்கான எஃகு நரம்பு இழுக்கப்பட்டது அவர் தரும் செய்திகளுள் ஒன்று.

ஐரோப்பியக் கொல்லர் பலர் இவ்வுருக்கைக் கையாள முயன்று தோற்றனர். தம் ஊர் இரும்பைப் போலவே இதையும் வெளுக்கக் காய்ச்சி அடித்ததே காரணம். கரிமம் மிகுந்த உருக்கு அச்சூட்டில் சம்மட்டிக்கு நொறுங்கும். பழுக்கக் காய்ச்சிய அளவில் பொறுமையாக அடிக்கவேண்டிய உலோகம் இது. கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே, கத்தி செய்வோரான சேம்சு சுடோடார்ட்டோடு சேர்ந்து 1820-இல் எஃகுக் கலவைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக்கு இவ்வுருக்கே தூண்டுகோல். மேலே மெல்லிரும்புக்குத் தவறாகிய 'பழுக்கக் காய்ச்சி' என்பது உருக்குக்குச் சரியாகிவிடுவதைக் காண்க. வினை பொருளோடு சேர்ந்தே பொருள்தரும்.

இன்றைய பட்டறை

தென்கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இன்று அடிக்கப்படும் கோடரிகளுக்கும் அரிவாள்களுக்கும் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டை பெரிதும் பயன்படுகிறது. அது முழுவதும் எஃகு. வாய்க்குத் தனியே எஃகு வைக்கவேண்டிய தேவை இல்லை. எனவே 'எஃகு வைத்து ஒட்டுதல்' என்னும் செயல் மறைகிறது; செயல் மறைந்த இடத்தில் வினைச்சொல் முதியவர் நினைவில் மட்டும் தங்குகிறது. துருத்தியின் இடத்தில் மின்விசிறி வந்தபின் 'துருத்தி மிதித்தல்', 'துருத்தி ஊதுதல்' என்பனவும் போயின. 'துதி' என்னும் பழம்பெயர் தமிழில் அகராதியளவில் நின்றுவிட்டது. கன்னடத்தில் 'திதி' நெடுங்காலம் வாழ்ந்தது. தோய்ச்சலும் மாறிவருகிறது. ஸ்பிரிங் எஃகை நீரில் தோய்த்தால் விரிசல் காணும் அச்சம் உண்டு. அதனால் கழிவெண்ணெயில் தோய்ப்பர். சொல் அப்படியே இருக்க அது சுட்டும் நீர்மம் மாறிவிட்டது.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உழவுத்தொழிற் சொற்களைத் தொகுத்து வெளியிட்ட 'மாண்டலிக விருத்தி பதகோசமு' முதல் தொகுதி 1962-இல் வந்தது. அடுத்து நெசவுச் சொற்கள் தொகுக்கப்பட்டன. தமிழில் வட்டார வழக்கு அகராதிகள் உள்ளன. கி. ராஜநாராயணனின் கரிசல் தொகுப்பு 1982-லும், பெருமாள்முருகனின் கொங்குத் தொகுப்பு 2000-த்திலும் வெளிவந்தன. அவை ஒரு நிலத்தின் சொற்களை எல்லாத் தொழில்களிலிருந்தும் திரட்டுவன. ஒரு தொழிலின் சொற்களை எல்லா நிலங்களிலிருந்தும் திரட்டுவது வேறு பணி. அப்பணியைக் கொல்லுத் தொழிலில் தொடங்குவோர் வினாநிரலைக் கருவிகளின் படத்தோடு எடுத்துச் செல்லாமல், அடிக்கப்படும் ஒரு கோடரியின் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு செயலுக்கும் 'இப்போது என்ன செய்கிறீர்கள்' என்று கேட்பது பயன்தரும். வினைப்பதிவில் குறைந்த அளவு எவை இருக்கவேண்டும் என்பதைத் 'தோய்' என்னும் ஒன்றைக்கொண்டு காட்டலாம். எது தோய்க்கப்படுகிறது: முழுக்கருவியா, வாய் மட்டுமா. எந்த நிறத்தில் எடுத்து. எதில்: நீரா, எண்ணெயா. எவ்வளவு நேரம். விளைவு என்ன: வன்மையூட்டலா, தணிதலை நிறுத்துதலா. பிழைத்தால் என்ன நேரும், அதற்கு என்ன சொல்: 'வாய் உதிர்தல்', 'பல் போதல்', 'மடங்குதல்'. எதிர்வினை யாது: 'ஆற்று'. கன்னட, மலையாள இணை யாது. காம்பைப் பற்றிய பதிவிலும் இதுபோல் கட்டுவதா செருகுவதா, ஆப்பு உண்டா இல்லையா என்பன இடம்பெற வேண்டும். கன்னடத்தில் 'காவு' என வழங்கும் காம்பு தமிழில் 'கோடரிக்காம்பு' எனத் தன் இனத்தையே அழிப்பவனுக்குப் பெயராகிவிட்டமையால், அத்தொடரை வெறும் கருவியுறுப்பாகப் பெயர்க்குமிடத்து 'கோடரியின் காம்பு' என வேற்றுமை விரித்து எழுதுவது நல்லது.